ஐ5 எண்டு சொன்னதும் காசை எண்ணிக் குடுத்திராதீங்க: மட்டக்களப்பில லெப்டொப் வாங்குற ஆக்களுக்கு முழு வழிகாட்டி

2023ல அக்காட மகளுக்கு கம்பஸ் கிடைச்சிது, வந்தாறுமூலைதான். அத்தான் காப்பு ஒரு சோடிய அடகு வச்சிட்டு டவுனுக்குப் போய் லெப்டொப் ஒண்டு வாங்கிட்டு வந்தார். 185,000 ரூவா. சீல் உடைக்காத பெட்டி, உள்ள பொலித்தீன் கூட கழட்டல்ல. பின்னேரம் ஆரையம்பதிக்கு என்ட வீட்டுக்கு கொண்டந்து "தம்பி இத ஒருக்கா செற் பண்ணித் தா" எண்டார். நான் ஓன் பண்ணிட்டு தேத்தண்ணி ஊத்தப் போனன், ஊத்தி, ஆறவச்சு, குடிச்சு முடிச்சிட்டு வந்து பாத்தா அந்த வட்டம் இன்னும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. அக்கா பக்கத்தில நிண்டு கேக்கிறா, "என்னகா, புதுசுதானே, ஏன் இப்பிடி முக்குது?"

பழுதில்ல. அது அப்பிடித்தான். இன்டெல் செலரான் என்4020 புரொசசர் (லெப்டொப்புட மூளை), 4 ஜிபி ரேம் (வேலை நடக்கக்குள்ள பாவிக்கிற மெமரி), 1 டிபி ஹார்ட் டிஸ்க் (பைல் எல்லாம் கிடக்கிற இடம்). புரொசசர் 2019 கடைசில வந்தது, அதுவும் வந்த நேரமே ஆகக் குறைஞ்ச விலைக்காரருக்கு எண்டு செஞ்ச சாமான், ரெண்டே ரெண்டு கோர், அதாவது வேலை செய்யிற கை ரெண்டுதான். கடைக்காரர் பொய் சொன்னாரா எண்டா சொல்லல்ல, பெட்டி புதுசுதானே. அவர் சொல்லாம விட்டதுதான் 185,000 ரூவாக்கதை.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் மாடு வாங்கப் போற ஒரு ஆள் மாட்டுட வாயத் திறந்து பல்லுப் பாக்காம காசை வெளிய எடுக்க மாட்டார். கழுத்தில மணி கட்டி கொம்பில எண்ணெய் பூசி நிப்பாட்டி வச்சிருந்தாலும் முதல்ல பல்லுத்தான். லெப்டொப்புக்கும் பல்லு இருக்கு, பாக்கிறதுக்கு ரெண்டு நிமிசம் போதும், ஆனா எங்கட ஆக்கள் ஸ்டிக்கரைப் பாத்திட்டு, கலரைப் பாத்திட்டு, "ஐ5தானே" எண்டு கேட்டிட்டு வந்திருவாங்க. அந்தப் பல்லுப் பாக்கிற வேலையத்தான் இதில முழுசா எழுதப் போறன். கொஞ்சம் நீளம், தேவையானத மட்டும் வாசிச்சாலும் சரி.

முதல்ல: உங்களுக்கு புதுசு வேணுமா எண்டு பாருங்க

என்னட்ட "லெப்டொப் ஸ்லோ, புதுசு வாங்கப் போறன்" எண்டு வாற பத்துப் பேரில அஞ்சாறு பேருக்கு புதுசு தேவையே இல்ல. பழசத் திறந்து பாருங்க முதல்ல. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூண்டு கீயையும் ஒண்டா அமத்தினா டாஸ்க் மனேஜர் வரும், அதில பெர்போமன்ஸ் எண்ட இடத்துக்குப் போங்க. டிஸ்க் 100 வீதத்தில நிக்கிதா, கீழ எச்டிடி, அதாவது ஹார்ட் டிஸ்க், எண்டு போட்டிருக்கா? அப்ப வருத்தம் எங்க எண்டு தெரிஞ்சிட்டு.

ஹார்ட் டிஸ்க்குக்குள்ள ஒரு தட்டு நிமிசத்துக்கு 5400 தரம் சுத்துது, அதுக்கு மேல ஒரு ஊசி அங்கயும் இங்கயும் ஓடி ஓடித்தான் ஒவ்வொரு பைலையும் தேடி எடுக்குது. சங்கக் கடையில ஒரே ஒரு ஆள் நிண்டு அரிசிக்கு ஒருக்கா உள்ள போய், சீனிக்கு மறுகா ஒருக்கா உள்ள போய் வாற மாதிரி. விண்டோஸ் ஓன் ஆகக்குள்ள ஆயிரக்கணக்கில சின்னச் சின்ன பைல் கேக்கும், அந்த மனுசன் என்ன செய்வார். எஸ்எஸ்டியில சுத்துற சாமானே இல்ல, எல்லாம் சிப், கேட்ட உடன வரும். வேகக் கணக்குச் சொன்னா ஹார்ட் டிஸ்க் ஒரு செக்கனுக்கு 100 எம்பி அளவு, சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பிக்கு மேல, என்விஎம்இ எண்டா 2000, 3000 எண்டு போகும். ஆனா உண்மையான வித்தியாசம் அந்த ஓடித் திரியிற நேரம் இல்லாமப் போறதிலதான்.

மருமகள்ட லெப்டொப்புக்கு நான் செஞ்சதும் இதுதான். 256 ஜிபி எஸ்எஸ்டி ஒண்டு 9,500க்கு வாங்கிப் போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கினன். ஓன் ஆக மூண்டு நிமிசத்துக்கு மேல எடுத்தது அரை நிமிசத்துக்குள்ள வந்திட்டு. புரொசசர் அதே ஆமைதான், பத்து டாப் திறந்தா இப்பயும் இழுக்கும், ஆனா அசைன்மென்ட் அடிக்கலாம், சூம் வகுப்பு பாக்கலாம்.

எஸ்எஸ்டி மாத்துறது எப்பிடி எண்டு கேட்டா, முதல்ல உங்கட பைல் எல்லாத்தையும் வேற இடத்தில கொப்பி பண்ணுங்க, இத விட்டிட்டு பிறகு வந்து அழுத ஆக்கள் கன பேர். மறுகா லெப்டொப்புட மொடல் நம்பரை யூடியூப்பில அடிச்சு திறக்கிற வீடியோ பாருங்க, உள்ள 2.5 இஞ்சி இடமா, எம்.2 எண்ட சின்னப் பட்டி மாதிரி இடமா எண்டு தெரிஞ்சிட்டுத்தான் கடைக்குப் போகணும். எம்.2விலயும் சாட்டா, என்விஎம்இ எண்டு ரெண்டு சாதி இருக்கு, மாறி வாங்கினா பூட்டினாலும் வேலை செய்யாது. பழைய விண்டோஸை அப்பிடியே தூக்கி வைக்க ஏலும், குளோன்சில்லா எண்டு இலவச சொப்ட்வெயார் இருக்கு, ஆனா நான் சொல்லுவன் புதுசா விண்டோஸ் அடிங்க எண்டு. 8 ஜிபி பென் டிரைவ் ஒண்டு போதும், மைக்ரோசொப்ட் வெப்சைட்டிலயே மீடியா கிரியேஷன் டூல் கிடக்கு. உங்கட லெப்டொப்பில ஏற்கனவே ஒரிஜினல் விண்டோஸ் இருந்திருந்தா திரும்பக் காசு கட்டத் தேவையில்ல, லைசன்ஸ் மதர்போர்டோட பதிஞ்சிருக்கும், இன்டர்நெட் குடுத்த உடன தன்பாட்டில அக்டிவேட் ஆகும்.

பேர் தெரியாத எஸ்எஸ்டி வாங்காதீங்க. 1 டிபி எண்டு எழுதி உள்ள 64 ஜிபி வச்ச சாமானெல்லாம் ஒன்லைனில ஓடுது. போட்ட உடன கிரிஸ்டல்டிஸ்க்இன்போ எண்ட சின்ன சொப்ட்வெயாரைப் போட்டுப் பாருங்க, பவர் ஓன் அவர்ஸ் எண்டு ஒரு எண் காட்டும், புதுசு எண்டா பூச்சியமோ, ஒண்டு ரெண்டோதான் இருக்கணும். இந்த எண்ணை ஞாபகம் வச்சுக்கங்க, கீழ திரும்ப வரும்.

கல்லடி, நாவலடிப் பக்கம் கடலுக்குக் கிட்ட இருக்கிற ஆக்களுக்கு இன்னொரு விசயம். உப்புக் காத்து ரேம் பூட்டுற இடத்திலயும் பேனுக்குள்ளயும் வேலை காட்டும். திடீரெண்டு ஓன் ஆகாமப் போன லெப்டொப் எத்தினையோ நான் ரேமைக் கழட்டி அழிரப்பரால ஒரு தேய் தேய்ச்சு திரும்பப் பூட்டினதோட எழும்பியிருக்கு. மூண்டு நாலு வருசம் ஆன லெப்டொப் கொதிக்குது, பேன் ரைஸ் மில் மாதிரிச் சத்தம் போடுது எண்டா தூசு தட்டி தேர்மல் பேஸ்ட் (புரொசசர்ட சூட்டக் கடத்துற பசை) மாத்துங்க, சூட்டில புரொசசர் தன்னத் தானே மெதுவாக்கிக்கும், அத "பழசாப் போச்சு" எண்டு நினைச்சு வித்த ஆக்களும் இருக்காங்க.

விண்டோஸ் 10ட கதை

இதுக்குத்தான் இப்ப கன பேர் பயந்து புதுசு வாங்க ஓடுறாங்க. விண்டோஸ் 10க்கான சப்போர்ட் 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சிது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சிப் வேணும், லெப்டொப் புரொசசர் பொதுவா இன்டெல் எண்டா 8ம் ஜெனரேசனோ அதுக்கு மேலயோ, ஏஎம்டி கம்பனிட ரைசன் எண்டா 3000 வரிசையோ அதுக்கு மேலயோ இருக்கணும் (ஜெனரேசன் பாக்கிறது எப்பிடி எண்டு கீழ வரும்). அதுக்குக் கீழ இருக்கிறது நாளைக்கே நிண்டு போகும் எண்டில்ல, ஓடும், பாதுகாப்பு அப்டேட் வராது, அவ்வளவுதான். அதுக்கும் மைக்ரோசொப்ட் 2026 ஒக்டோபர் 13 வரைக்கும் வீட்டுப் பாவனைக்கு நீட்டிப்பு ஒண்டு குடுக்கிறாங்க, மைக்ரோசொப்ட் அக்கவுண்டில லொகின் பண்ணி செற்றிங்ஸை பக்அப் பண்ணினா காசும் இல்ல. செற்றிங்ஸில விண்டோஸ் அப்டேட்டுக்குள்ள போய்ப் பாருங்க.

அதுக்குப் பிறகு விண்டோஸுக்குப் பதிலாப் போடுற லினக்ஸ் மின்ட் இருக்கு, அது இலவசம். 4ம் ஜெனரேசன் லெப்டொப்பிலயும் எஸ்எஸ்டி இருந்தா நல்லா ஓடும். பாமினி எழுத்துருவில அடிச்சுப் பழகின ஆக்கள் பயப்பட வேணாம், அந்த பொன்ட்டை கொப்பி பண்ணிப் போட்டா லிப்ரே ஒபீஸில (வேர்ட் மாதிரி இலவச சொப்ட்வெயார்) வரும், எங்கட ஒபீஸ் ஒண்டில ஒரு மிஸ் ரெண்டு வருசமா அப்பிடித்தான் கடிதம் அடிக்கிறா, அது லினக்ஸ் எண்டு அவவுக்கு இன்னும் தெரியாது.

ரெண்டாவது: பல்லுப் பாக்கிறது

சரி, புதுசுதான் வேணும் எண்டு முடிவெடுத்திட்டீங்க. இனி இதுதான் முக்கியம், இத மட்டும் வாசிச்சாலும் போதும்.

ஐ3, ஐ5, ஐ7 எண்டுறது வயசில்ல, அந்தந்த வருசத்துப் பந்தியில ஆர் முன்னுக்கு ஆர் பின்னுக்கு எண்டுற இருக்கை மட்டுந்தான். 2013ல முன் வரிசையில இருந்தவர் 2022ல கடைசி வரிசையில இருக்கிறவருக்கும் பின்னாலதான் நிப்பார். ஐ7-4600யு எண்ட ஐ7க்கு ரெண்டு கோர், 2013ல வந்தது. ஐ3-1215யு எண்ட ஐ3க்கு ஆறு கோர், 2022ல வந்தது. ரெண்டையும் மேசையில வச்சா அந்த ஐ3 ஐ7ஐத் தூக்கி எறிஞ்சிரும். ஆனா கடையில "ஐ7" எண்டு சொல்லக்குள்ள ஒரு கம்பீரம் இருக்குதானே, அதுக்குத்தான் எங்கட ஆக்கள் காசு குடுக்கிறது. நானும் குடுத்தன். 2019ல யூஸ்ட் லெப்டொப் ஒண்டு ஐ7 எண்டு சொல்லி எடுத்தன், வீட்ட கொண்டந்து பாத்தா ஐ7-2620எம், 2011ல வந்தது. எட்டு வயசு.

பாக்கிறது எப்பிடி எண்டா புரொசசர் பேரில ஐ5, ஐ7 எண்டதுக்குப் பக்கத்தில இருக்கிற சின்னக் கோட்டுக்குப் பிறகு வாற எண்ணைப் பாருங்க. 2 தொடக்கம் 9 வரைக்கும் ஏதாவதில தொடங்கினா அந்த முதல் எண்தான் ஜெனரேசன், 8250 எண்டா எட்டு, 6300 எண்டா ஆறு. 1ல தொடங்கினா முதல் ரெண்டு எண்ணையும் சேத்து எடுக்கணும், 10210 எண்டா பத்து, 1135 எண்டா பதினொண்டு, 1235 எண்டா பன்ரெண்டு, 1335 எண்டா பதின்மூண்டு. லெப்டொப்புக்கு வந்த வருசக் கணக்கு இப்பிடி: 4ம் ஜெனரேசன் 2013, 6 எண்டா 2015, 7 எண்டா 2016, 8 எண்டா 2017, 10 எண்டா 2019, 11 எண்டா 2020, 12 எண்டா 2022, 13 எண்டா 2023. இதில 7க்கும் 8க்கும் இடையில ஒரு பெரிய வாய்க்கால் இருக்கு. 7ம் ஜெனரேசன் வரைக்கும் மெல்லிய லெப்டொப்பில வாற ஐ5க்கும் ஐ7க்கும் ரெண்டு கோர்தான், 8ல இருந்துதான் நாலு. விண்டோஸ் 11ட கோடும் அதே இடத்திலதான் விழுது. அதால பழசு வாங்கினாலும் 8க்குக் கீழ இறங்காதீங்க, எவ்வளவு மலிவாக் கிடைச்சாலும்.

2024ல இருந்து இன்டெல் பேரையே மாத்திட்டு, "ஐ" எடுத்தாச்சு, கோர் 5 120யு, கோர் 7 150யு எண்டு வருது. புதுப் பேர், புது ஸ்டிக்கர், உள்ள இருக்கிற கோர் 13ம் ஜெனரேசன்ல இருந்ததுதான். கூடாத சாமான் இல்ல, நல்லா ஓடும், ஆனா புதுப் பேருக்கு எண்டு கூடக் காசு குடுக்க என்ன தேவை. செலரான் எண்ட பேரையும் எடுத்திட்டாங்க, இப்ப சும்மா "இன்டெல் புரொசசர்" எண்டு மட்டும் எழுதி பின்னால என்100, என்200 எண்டு வரும். "இன்டெல் தம்பி, இன்டெல்" எண்டு கடையில சொன்னா அந்த என் எழுத்து இருக்கா எண்டு பாருங்க.

ஏஎம்டியில தந்திரம் இன்னும் மோசம். ரைசன் 5 7520யு எண்டு பாத்தா 7000 வரிசை, ஆகப் புதுசு எண்டுதான் ஆரும் நினைப்பாங்க. அந்த நாலு எண்ணில முதலாவதப் பாக்காதீங்க, மூண்டாவதப் பாருங்க. 7520ல மூண்டாவது 2, அப்பிடி எண்டா சென் 2 (சென் எண்டது ஏஎம்டி தன்ட டிசைனுக்கு வச்ச பேர்), 2019ல வந்த டிசைன், நாலு கோர். 7530ல 3, சென் 3, 2020 டிசைன், ஆறு கோர். 7540ல 4, சென் 4, அது 2022. மூண்டும் ரைசன் 5தான், மூண்டும் 7000தான், கடையில மூண்டும் பக்கத்தில பக்கத்திலதான் இருக்கும். 7520யு வாற லெப்டொப்பில ரேம் போர்டோட ஒட்டித்தான் வரும், பிறகு கூட்டவும் ஏலா.

பழசப் புதுசு எண்டு விக்கிறது எங்கட ஊர்க் கடைக்காரர் கண்டுபிடிச்ச வேலை எண்டு நினைக்காதீங்க. அப்பிள் கம்பனி 2017 மெக்புக் எயாரில 5ம் ஜெனரேசன் புரொசசரைப் போட்டு 2019 நடு வரைக்கும் அத வித்தாங்க, 2014ல வந்த மெக் மினியை 2018 வரைக்கும் மாத்தவே இல்ல, 2013 மெக் புரோ 2019 வரைக்கும் அப்பிடியே கிடந்திச்சு, விலையும் பெருசா இறங்கல்ல. வெளிநாட்டில இருக்கிறவங்களே கொதிச்சுப் போய்த்தான் இருந்தாங்க. இப்ப அந்தக் காலத்து இன்டெல் மெக்தான் "அப்பிள் லெப்டொப் மலிவு" எண்டு இஞ்ச வந்து விழுது. எடுக்காதீங்க. 2025ல வந்த டாஹோதான் இன்டெல் மெக்குக்கு கடைசி மெக்ஓஎஸ் எண்டு கம்பனியே சொல்லிட்டு. மெக்தான் வேணும் எண்டா 2020 நவம்பரில வந்த அப்பிள்ட சொந்த எம்1 சிப்பில இருந்து மேல பாருங்க.

ரேம், டிஸ்க், ஸ்கிரீன் கதையெல்லாம் சுருக்கமாத்தான். 8 ஜிபிக்குக் கீழ வேணாம், 16 எண்டா நல்லம், பிறகு கூட்ட ஏலுமா எண்டு வாங்க முதலே கேளுங்க. இஎம்எம்சி எண்டு போட்டிருந்தா அது போனில போடுற மாதிரி ஸ்டோரேஜ், திரும்பிப் பாக்காம கடைய விட்டு வந்திருங்க. ஸ்கிரீன் 1366க்கு 768 எண்டா 2010 காலத்துக் கணக்கு, புதுசுக்கு அத வாங்காதீங்க.

மூண்டாவது: விலை ஏன் இப்பிடி, எங்க வாங்குறது

2022 மார்ச்சில 200 சொச்சமா இருந்த டொலர் ரெண்டு மாசத்துக்குள்ள 360க்குப் போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த நேரம் ஸ்டொக் எடுத்த கடைக்காரர் அந்த விலையிலதான் விக்கப் பாப்பார், டொலர் இறங்கினாலும் அவர்ட பெட்டி இறங்காது. 2024 ஜனவரியில வற் வரி 15ல இருந்து 18 வீதமாச்சு. அதெல்லாம் ஒரு மாதிரி அடங்கி வரக்குள்ள 2025 கடைசில இருந்து ரேம் விலை ஏறத் தொடங்கிட்டு, ஏஐ சேர்வர்களுக்கு எண்டு மெமரி சிப் எல்லாம் அந்தப் பக்கம் போகுது, மைக்ரான் கம்பனி அந்த டிசம்பரில குருஷல் எண்ட பேரில சாதாரண ஆக்களுக்கு விக்கிற வியாபாரத்தையே நிப்பாட்டப் போறம் எண்டு அறிவிச்சிது. அதால பழைய லெப்டொப்புக்கு ரேம் கூட்டுற எண்ணம் இருந்தா பாத்துக்கிட்டு இருக்காதீங்க.

எங்கட பக்கத்துக் கடைகளையும் கொஞ்சம் விளங்கிக்கணும். கொழும்பில ஒரு கடையில ஒரு கிழமையில ஓடுற ஸ்டொக் இஞ்ச ஒரு கடையில மாசக்கணக்கில கண்ணாடிக்குள்ள நிக்கும், காசு முடங்கிக் கிடக்கும், அதால அவர் புது மொடல் எடுக்கப் பயப்படுவார், பழசத் தள்ளித்தான் மற்றதுக்குக் காசு பாக்கணும். அதுக்காக நீங்க அந்தப் பழசுக்கு புது விலை குடுக்கணும் எண்டில்ல. "அண்ணன், இது 2020 சாமான், அந்த விலைக்குத் தாங்க" எண்டு கேளுங்க. இப்பிடிக் கேட்டு நான் 18,000 குறைச்சு எடுத்திருக்கன், அவர் என்னை ஒரு மாதிரிப் பாத்தார்தான், ஆனா தந்தார்.

டவுனில திருமலை ரோட்டுப் பக்கம் ஒண்டு ரெண்டு, காத்தான்குடியில ஒண்டு, ஏலுமெண்டா கல்முனையில ஒண்டு, குறைஞ்சது மூண்டு விலை எடுங்க. மறுகா கொழும்புக் கடைகள்ட விலையை நெட்டில பாருங்க, பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில இருக்கிற கடைகள் கன பேர் விலையை வெப்சைட்டிலயே போடுறாங்க. வித்தியாசம் 10,000க்குள்ள எண்டா ஊரிலயே வாங்குங்க, பழுதெண்டா தூக்கிட்டுப் போய் மேசையில வைக்க ஒரு ஆள் இருக்கு. 30,000, 40,000 எண்டா ராத்திரி பஸ் ஏறுறதில பிழையே இல்ல.

கட்டார், சவூதியில இருக்கிற மச்சான்மாரிட்டச் சொல்லி எடுக்கிற ஆக்களும் இருக்காங்க. மொடல் நம்பரை முழுசா எழுதி அனுப்புங்க, "நல்லதாப் பாத்து ஒண்டு வாங்கிட்டு வா" எண்டு சொன்னா அவர் கலரைப் பாத்து வாங்கிட்டு வருவார். கீபோர்டில அரபி எழுத்தும் சேந்து வரும், அது பழகிரும். வொரண்டிதான் கேள்வி, சில மொடலுக்கு எந்த நாட்டிலயும் செல்லும், சிலதுக்கு வாங்கின நாட்டில மட்டுந்தான், சீரியல் நம்பரை கம்பனி வெப்சைட்டில போட்டா காட்டும்.

தவணைக்கு எடுக்கிறவங்க ஒரு பெருக்கல் கணக்குப் போடுங்க. "மாசம் 9,800 மட்டும்" எண்டு எழுதியிருக்கும், 24 மாசம் எண்டா 235,200. அதே லெப்டொப் கைக்காசுக்கு 165,000 எண்டா 70,200 ரூவா கூடக் குடுக்கிறீங்க, அந்தக் காசுக்கு பழைய லெப்டொப் ஒண்டே வரும்.

நாலாவது: கடைக்குள்ள நிண்டு செய்யிற வேலை

இருவது நிமிசம் நிக்கணும். கடைக்காரர் அவசரப்படுத்துவார், நீங்க அவசரப்படாதீங்க.

பெட்டியில இருக்கிற சீரியலும் லெப்டொப்புக்கு அடியில இருக்கிற சீரியலும் ஒண்டா எண்டு பாருங்க. அந்த சீரியலை உங்கட போனில கம்பனி வெப்சைட்டில அடிச்சா வொரண்டி எப்ப தொடங்கினது எண்டு வரும், புதுசு எண்டு தாற சாமானுக்கு எட்டு மாசத்துக்கு முதல் வொரண்டி தொடங்கியிருந்தா அது ஏன் எண்டு கேளுங்க. ஓன் பண்ணி டாஸ்க் மனேஜரில புரொசசர் பேரை எழுத்து எழுத்தாப் பாருங்க, ரேமையும் டிஸ்க்கையும் பாருங்க. ஒரு பென் டிரைவில கிரிஸ்டல்டிஸ்க்இன்போவைக் கொண்டு போங்க, முதல் சொன்ன அந்த பவர் ஓன் அவர்ஸ் புது லெப்டொப்பில 400 எண்டு நிண்டா கண்ணாடிக்குள்ள ஷோவுக்கு வச்சு ஓடின சாமான், கழிவு கேளுங்க, இல்லாட்டி வேற பெட்டி கேளுங்க.

விண்டோஸ் இல்லாத மொடல், டொஸ் மொடல் எண்டு கொஞ்சம் மலிவா வரும். "விண்டோஸ், ஒபீஸ் எல்லாம் சும்மா அடிச்சுத் தாறம்" எண்டு சொல்லுவாங்க. அது கிரக் பண்ணினது, அதுக்குள்ள என்ன ஒளிச்சிருக்கு எண்டு அடிச்சுத் தாற பெடியனுக்கும் தெரியாது. பேங்க் வேலையும் அதே லெப்டொப்பிலதான் எண்டா ஒரிஜினல் விண்டோஸோட வாறதை எடுங்க.

வொரண்டி எண்டு கேட்டா "ரெண்டு வருசம்" எண்டு ஒரு வார்த்தையில முடிச்சிருவாங்க. ஆர் குடுக்கிறது, கம்பனியா, கொழும்பு ஏஜண்டா, கடையா? பெற்றரிக்கும் சார்ஜருக்கும் எவ்வளவு காலம்? கொழும்புக்கு அனுப்பினா திரும்பி வர எத்தினை கிழமை, அனுப்புற காசு ஆருக்கு? இதையெல்லாம் வாயால கேட்டு விடாம பில்லில எழுதச் சொல்லுங்க. மருமகள்ட கூட்டாளி ஒரு புள்ளைட லெப்டொப் ஸ்கிரீனுக்காக கொழும்புக்குப் போய் ஆறு கிழமையா வரல்ல, செமஸ்டரே முடிஞ்சிட்டு.

அஞ்சாவது: யூஸ்ட் வாங்குறது

உண்மையச் சொன்னா 100,000க்குக் கீழ பட்ஜெட் எண்டா நான் புது செலரானை விட யூஸ்ட் ஒபீஸ் லெப்டொப்பைத்தான் எடுக்கச் சொல்லுவன். வெளிநாட்டுக் கம்பனிகள் மூண்டு நாலு வருசம் பாவிச்சிட்டுக் கழிச்சு விடுற டெல் லட்டிடியூட், லெனோவோ திங்க்பேட், எச்பி எலிட்புக் இதெல்லாம் மொத்தமா இறங்குது. கட்டுமானம் அப்பிடி, கீழ விழுந்தாலும் எழும்பும், திறக்கவும் லேசு. லட்டிடியூட் 7490, திங்க்பேட் டி480, எலிட்புக் 840 ஜி5, இந்த மூண்டிலயும் 8ம் ஜெனரேசன் இருக்கு. டி480ல ரேம் ரெண்டு சொக்கட், பெற்றரியும் ரெண்டு. டி480எஸ் எண்டு எஸ் சேந்தா மெல்லிசு, ஒரு ரேம் போர்டோட ஒட்டினது. 840 ஜி3, லட்டிடியூட் 7470, திங்க்பேட் டி460 எல்லாம் 6ம் ஜெனரேசன், வெளியில பாத்தா தெரியாத ஆளுக்கு அதே மாதிரித்தான் இருக்கும், ஏமாற வேணாம். எச்பியில ஜிக்குப் பக்கத்தில இருக்கிற எண்ணோட மூண்டக் கூட்டினா அந்தக் காலத்துக்கு ஜெனரேசன் வரும், ஆனா 840 ஜி5லயும் 7ம் ஜெனரேசன் போட்டு வந்தது இருக்கு, அதால புரொசசர் எண்ணை நேரப் பாத்திட்டுத்தான் காசு.

பெற்றரிக்கு ஒரு சோதனை இருக்கு. கமாண்ட் புரொம்ட்டைத் திறந்து பவர்சிஎப்ஜி (powercfg) எண்டு இங்கிலீசில அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, ஒரு ஸ்லாஷ் போட்டு, பெற்றரிரிப்போர்ட் (batteryreport) எண்டு இடைவெளி இல்லாம சேத்து அடிச்சா ஒரு பைல் செய்து தரும். அதில டிசைன் கப்பசிற்றி எண்டு ஒரு எண், புல் சார்ஜ் கப்பசிற்றி எண்டு ஒரு எண். ரெண்டாவது முதலாவதில 60 வீதத்துக்குக் கீழ நிண்டா பெற்றரி காசை விலையில கழிக்கச் சொல்லுங்க. ரீஸ்டார்ட் பண்ணி, விண்டோஸ் வர முதல் வாற பயோஸ் எண்ட செற்றிங்ஸுக்குள்ள போய்ப் பாருங்க, பாஸ்வேர்ட் கேட்டா அது பழைய கம்பனி போட்ட பூட்டு, அத எடுக்காதீங்க. நோட்பேடைத் திறந்து எல்லாக் கீயையும் ஒருக்கா அமத்துங்க, வெள்ளைப் படம் ஒண்டு போட்டு ஸ்கிரீனில புள்ளி, மஞ்சள் அடிச்ச இடம் இருக்கா எண்டு பாருங்க, மூடியத் திறந்து மூடக்குள்ள பிணைச்சல் கிறீச்செண்டா அது கொஞ்ச நாளில உடையும்.

கடைசியா: ஏமாந்திட்டா

பில்லில மொடல் நம்பர், புரொசசர், ரேம், சீரியல், "புதுசு" இல்லாட்டி "யூஸ்ட்" எண்டது எல்லாம் எழுதியிருக்கணும். வெறும் "லெப்டொப் 1" எண்டு எழுதித் தந்தா வாங்காதீங்க. கேட்டா பில் குடுக்கணும் எண்டது சட்டம், 2003ம் ஆண்டு 9ம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். சொன்னது ஒண்டு, தந்தது ஒண்டு எண்டா முதல்ல கடைக்காரரோட நல்லபடியாக் கதைங்க, கன பேர் மாத்தித் தருவாங்க. சரிவராட்டி 1977க்கு அடியுங்க, அது அதிகார சபைட நம்பர், முறைப்பாட்டை எழுத்தில குடுக்கணும், வாங்கி மூண்டு மாசத்துக்குள்ள.

"அத்தான், அப்பிடி முறைப்பாடு செய்வம்" எண்டு நாங்க சொல்லக்குள்ள வாங்கி நாலாம் மாசம் நடந்துக்கிட்டு இருந்திச்சு. பில்லையும் தேடி எடுத்தம், அது அந்த மினுங்குற தாளில பிரிண்ட் பண்ணித் தாற சாதி, பைக் சீற்றுக்குக் கீழ வச்சிருந்தவர், இஞ்சத்த வெயிலுக்கு எழுத்தெல்லாம் வெளிறி விலையும் தெரியல்ல, திகதியும் தெரியல்ல. அதால கடைய விட்டு இறங்க முதலே பில்லை போனில ஒரு போட்டோ எடுத்து உங்கட வட்ஸ்அப்புக்கே அனுப்பி வச்சிருங்க.